பேச்சு தாமதம், அப்புறம் ஃபிட்ஸ்: இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

மூன்று வயது வரை ஓடியாடிய பிள்ளைக்குத் திடீரென்று ஃபிட்ஸ் வருகிறது. காய்ச்சல் இல்லை. வலிப்பு மருந்து கொடுக்கிறார்கள், நிற்கவில்லை, இரண்டாவது மருந்து சேர்க்கிறார்கள். பேச்சு எப்படி என்று கேட்டால்தான் வீட்டில் சொல்கிறார்கள், ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் லேட்தான், இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார் என்று பாட்டி சொன்னதால் விட்டுவிட்டோம் என்று. குழந்தை நரம்பியலில் இருக்கும் எங்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் மனதில் வர வேண்டிய பெயர்களில் ஒன்று சிஎல்என்2. பேட்டன் நோய் என்று சொல்லப்படும் பரம்பரை மூளை நோய்க் குடும்பத்தில் ஒரு வகை.

நம் செல்லுக்குள் பழைய புரதங்களை உடைத்துப் போட லைசோசோம் என்று ஒரு பை இருக்கிறது. அங்கே வேலை செய்யும் நொதிகளில் ஒன்று டிபிபி1, புரதத் துண்டின் ஒரு முனையிலிருந்து மூன்று மூன்று அமினோ அமிலமாக நறுக்கிக்கொண்டே போகும். 11-ஆம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு பழுதானால் உடையாத கழிவு தேங்கும், மூளை செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும், இதுதான் சிஎல்என்2. ஃபிட்ஸ் வந்து ஒன்றிரண்டு வருடத்துக்குள் நடை தள்ளாடி நின்றுபோகும், பேச்சு போகும், பிறகு பார்வை.

இதற்கு மருந்து இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதே மனித நொதியை ஆய்வகத்தில் ஹாம்ஸ்டர் என்ற எலி வகையின் செல்களில் வளர்த்து எடுக்கிறார்கள், செர்லிபோனேஸ் ஆல்ஃபா என்று பெயர், 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கையில் ஏற்றினால் மூளைக்குப் போய்ச் சேராது என்பதால், தலையில் தோலுக்கடியில் ஒரு சிறு கருவி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூளைநீர் அறைக்குள்ளேயே நாலு மணி நேரத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். கருவியில் கிருமித் தொற்று வரும் ஆபத்தும் உண்டு. நடையும் பேச்சும் சேர்த்து 6 மதிப்பெண் என்று வைத்து அளந்த ஆய்வில், சிகிச்சை பெறாத பிள்ளைகள் 48 வாரத்தில் சராசரியாக 2.12 மதிப்பெண் இழந்தார்கள், பெற்றவர்கள் 0.27 மட்டுமே. கவனியுங்கள், இழப்பது குறைந்தது, அவ்வளவுதான். போனது திரும்பவில்லை. மூளைக்குள் ஏற்றும் மருந்து விழித்திரையைக் காப்பாற்றுவதும் இல்லை. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு தாளில் உலர்த்திய ரத்தப் பொட்டு போதும், நொதியின் அளவு தெரிந்துவிடும், மரபணுச் சோதனையில் உறுதி செய்யலாம். மூளையின் மின் அலைகளை வரைபடமாக்கும் இ.இ.ஜி எடுக்கும்போது கண்ணெதிரே விளக்கை வினாடிக்கு ஒன்று முதல் மூன்று முறை மெதுவாக மின்னவிட்டால், பல பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மின்னலுக்கும் வரைபடத்தில் ஒரு துள்ளல் விழும். எரிச்சல் என்னவென்றால், பல இடங்களில் அந்த மெதுவான மின்னலைப் போடுவதே இல்லை, வேகமாக மின்னவிட்டு நார்மல் என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எம்.ஆர்.ஐ-யில் சிறுமூளை சுருங்கியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சரி, மருந்து வாங்க யாரால் முடியும்? நியாயமான கேள்வி. அறிமுகமானபோது அமெரிக்காவில் அறிவித்த விலை வருடத்துக்கு 7 லட்சம் டாலர். நம் நாட்டின் அரிய நோய்க் கொள்கையில் ஒரு நோயாளிக்கு உச்சவரம்பே 50 லட்சம் ரூபாய்தான். ஆனாலும் சோதனை வீண் இல்லை. கார்பமாசெபைன், ஃபெனிட்டாய்ன் போன்ற வலிப்பு மருந்துகள் இந்த நோயில் உடல் வெட்டி வெட்டி இழுப்பதை அதிகமாக்கலாம், பெயர் தெரிந்தால் தவிர்க்கலாம். அப்புறம் அடுத்த குழந்தை. அப்பா அம்மா இருவருமே பழுதான மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டும் நம் ஊரில் இதை அலட்சியம் செய்ய முடியாது. 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசு எடுத்துச் சோதிக்கலாம், ஆனால் முதல் பிள்ளையிடம் எந்த இடத்தில் பழுது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் அது சுலபம். பிள்ளை ரொம்ப முடியாமல் இருந்தாலும், இனி எதற்கு என்று விட்டுவிடாமல், ரத்தத்திலிருந்து டிஎன்ஏ எடுத்துச் சேமித்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.