நிழல் மூலையில் எந்தப் பவளம் பிழைக்கும்?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். வீட்டு ஹாலில் மரைன் டேங்க் (கடல்நீர் மீன்தொட்டி) வைத்திருக்கிறார், பாறைகளை அடுக்கியதில் இடது பக்கம் குகை மாதிரி ஒரு இடம் அமைந்துவிட்டது, விளக்கு வெளிச்சம் அங்கே நேராக விழுவதில்லை, அந்த இடத்தில் எந்த கோரலை வைத்தால் சாகாது என்பது கேள்வி. கூடவே, ஈசான மூலையை விட்டு டேங்கை நகர்த்த முடியாது, வீட்டில் வாஸ்து பார்க்கிறார்கள் என்று ஒரு வரி. பவளத்துக்கு வாஸ்து தெரியாது சார், ஜன்னல் வெயில் படாமல் இருந்தால் எந்த மூலையும் சரிதான்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தருகின்றன, பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கு இதுதான். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சத்தை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள். கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா வகைகளுக்கு 200, 300 என்று வேண்டும், நிழல் விரும்பிகளுக்கு 50 முதல் 100 போதும். போனில் லக்ஸ் ஆப் வைத்து அளக்காதீர்கள், லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு, நீல விளக்கின் கீழே அது குறைத்துத்தான் காட்டும்.

நம்மூர் தென்னந்தோப்பில் ஊடுபயிராக நிற்கும் நல்லமிளகைப் பார்த்தால் நிழலில் வாழும் வழி புரியும்: இலை அகலம், நிறம் அடர்த்தி. ஆழத்துப் பவளங்களும் தட்டையாகப் பரந்து வளர்கின்றன, பாசியில் பச்சையம் கூடுகிறது. ஆனால் கொடிக்குத் தெரியாத ஒரு வித்தை பவளத்துக்குத் தெரியும். வருகிற வெளிச்சத்தின் நிறத்தையே அது மாற்றிவிடுகிறது.

கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஆழம் போகப் போக மற்ற நிறங்களும் கழிந்து, ஐம்பது அறுபது மீட்டரில் பெரும்பாலும் நீலம்தான் மிஞ்சும். நீலத்தைப் பச்சையம் நன்றாகக் குடிக்குமே, அப்புறம் என்ன பிரச்சினை என்று தோன்றும். நன்றாகக் குடிப்பதுதான் பிரச்சினை. திசுவின் மேல் அடுக்கில் இருக்கும் பாசிகள் வந்த நீலத்தையெல்லாம் முடித்துவிடும், அடியில் இருப்பவற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. இந்த இடத்தில்தான் ஒளிர்புரதங்கள் வருகின்றன. இவற்றில் சில, குறுகிய அலைநீள ஒளியை வாங்கி ஆரஞ்சு சிவப்பாகத் திருப்பி விடுகின்றன. மாற்றும்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகும், ஆனால் ஆரஞ்சைப் பச்சையம் அவ்வளவு ஆர்வமாக விழுங்காது என்பதால் அந்த ஒளி மேலடுக்கைத் தாண்டி அடிவரை இறங்கும், அங்கே வெள்ளைச் சுண்ணாம்பு எலும்புக்கூட்டில் பட்டுச் சிதறித் திரும்பி மேலே வரும், வருகிற வழியில் பட்டினி கிடக்கும் பாசிகளுக்கு இன்னொரு வாய்ப்பு. 2017இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு ஆழத்து நீரில் இருப்பது போன்ற மங்கல் நீல வெளிச்சத்தில் பவளங்களை நீண்ட நாள் வளர்த்துப் பார்த்தது. இந்தச் சிவப்புப் புரதம் உள்ளவை மேலாகப் பிழைத்தன.

அந்தப் புரதம் சிவப்பாக மாறுகிற விதம் எனக்கு இன்னும் பிடிக்கும். அது பிறக்கும்போது பச்சை. 2002இல் ஜப்பானியக் குழு ஒன்று டிராக்கிபில்லியா என்ற பவளத்தின் பச்சைப் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது, ஒரு மாதிரியை ராத்திரி மேசையிலேயே விட்டுவிட்டார்கள், மறுநாள் பார்த்தால் அது மட்டும் சிவப்பு, பெட்டிக்குள் இருந்தவை பச்சையாகவே இருந்தன. காரணம் ஜன்னல் வழி வந்த வெயில். ஊதா, புற ஊதா ஒளி பட்டதும் புரதச் சங்கிலியில் ஒளிரும் பகுதிக்குப் பக்கத்திலேயே ஒரு பிணைப்பு அறுகிறது, அதனால் எலக்ட்ரான்கள் பகிர்ந்துகொள்ளும் இரட்டைப் பிணைப்பு வரிசை பக்கத்து அமினோ அமிலம் வரை நீள்கிறது. வரிசை நீண்டால் வெளிவரும் ஒளியின் அலைநீளமும் நீளும்: 518 நானோமீட்டர் பச்சை, 582 நானோமீட்டர் சிவப்பாகிவிடுகிறது. ஒரே ஒரு பிணைப்பு அறுந்ததற்கு! திரும்பப் பச்சையாகவும் ஆகாது. அந்தப் புரதத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கயெடே, மேப்பிள் மரம்.

எல்லா ஒளிர்வும் இதற்காகத்தான் என்று நினைக்க வேண்டாம். 2022இல் இஸ்ரேல் குழு ஒன்று, ஆழத்துப் பவளத்தின் ஒளிர்வு சின்ன மிதவை உயிர்களை வாய்க்கு அருகே இழுக்கும் தூண்டில் என்று காட்டியது. மேல்மட்டப் பவளங்களில் சில நிறமிகள் வெயில் மறைப்பாக வேலை செய்கின்றன. ஆகவே நீல விளக்கில் பளபளக்கும் படத்தைப் பார்த்து இது நிழலில் வளரும் என்று முடிவு கட்டாதீர்கள்.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் முன்னோடி ஜெல்லி மீனின் பச்சைப் புரதம். அதற்கு 2008இல் நோபல் பரிசு. அந்தப் புரதத்தின் மரபணுவை முதலில் பிரித்தெடுத்த டக்ளஸ் பிராஷர் பரிசுப் பட்டியலில் இல்லை. நிதி நின்றுபோய், மரபணுவைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, பரிசு அறிவிப்பு வந்த நேரத்தில் கார் விற்பனைக் கடை ஒன்றில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். 'ஒரு ஜெல்லி மீன் ஏன் ஒளிர்கிறது' என்ற கேள்விக்குப் பணம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இங்கேயும் உண்டு. அதே ஆட்கள் செவ்வாய் தோஷத்துக்குப் பவள மோதிரம் வாங்க யோசிப்பதில்லை. அந்தச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலின் இருண்ட குகைகளில் பாசியே இல்லாமல், வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்காமல் வளர்கிற உயிர். செவ்வாய்க்கும் அதற்கும் நிறம் ஒன்று என்பதைத் தவிர என்ன உறவு என்று எனக்குப் புரியவில்லை.

சரி, குகைக்கு வருவோம். சிவப்பு நிறத்துக்காக டிராக்கிபில்லியாவைத் தேடிப் போகாதீர்கள். அது கல்பவளம், கெட்டியான சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் வகை. கல்பவளங்கள் அத்தனையும் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது 'ஒரு சின்னத் துண்டு' தருகிறேன் என்றால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வெளிச்சமே வேண்டாத சூரியப் பவளமும் கல்பவளம்தான், ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக ஊட்ட வேண்டிய வேலை வேறு.

என் தேர்வு காளான் பவளம், அதிலும் டிஸ்கோசோமா. இதற்குச் சுண்ணாம்பு எலும்புக்கூடு கிடையாது, அதாவது கல்பவளம் அல்ல. 50 பார் போதும், வேகமான நீரோட்டம் பிடிக்காது, குகை வாசல் இதற்குத் தோதான இடம். 1999இல் ஆய்வகங்களுக்குக் கிடைத்த முதல் சிவப்பு ஒளிர்புரதம் இந்த இனத்திலிருந்து வந்ததுதான், அதுவும் மாஸ்கோவில் மீன்தொட்டியில் வளர்ந்த ஒன்றிலிருந்து. குகைக்கு வெளியே கொஞ்சம் வெளிச்சம் உள்ள இடத்தில் சோயாந்தஸ் என்ற பொத்தான் மாதிரிப் பவளத்தை வைக்கலாம், ஆனால் அந்த வகையறாவில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வெட்டக்கூடாது, அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போடவே கூடாது, ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

காளானை வைத்த பிறகு அது தட்டு மாதிரி மிக அகலமாக விரிந்தால் வெளிச்சம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள், சுருங்கி விளிம்பு மடிந்தால் வெளிச்சமோ நீரோட்டமோ அதிகம். பசை போட்டு ஒட்டப் பார்க்காதீர்கள், சளியை விட்டு உதறிவிடும். ஒரு சின்ன டப்பாவில் கல்துண்டுகளைப் பரப்பி, காளானை அதில் விட்டு, மேலே வலை கட்டி டேங்கின் அடியில் வைத்தால் தானாக ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அந்தக் கல்லோடு எடுத்துக் குகையில் வைத்தால் போதும்.