சைலன்சரா, டயரா? டூயல் ஸ்போர்ட் பைக்கில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

மண் ரோட்டுக்கும் தார் ரோட்டுக்கும் பொதுவாக ஒரு பைக் வாங்கியவர்கள் முதல் சர்வீஸ் முடிவதற்குள் இரண்டு கேள்வி கேட்டுவிடுவார்கள். சைலன்சரை மாற்றலாமா? எந்த டயர் போடலாம்? எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன், 390 அட்வென்சர் என்று வண்டி எதுவானாலும் கேள்வி இதுதான். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள், ஆனால் இந்தியச் சட்டம் இரண்டையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. சைலன்சரில் கைவைக்க அநேகமாக இடமே கொடுப்பதில்லை. டயரில் தாராளமாகவே கொடுக்கிறது. பெரும்பாலானவர்கள் பணத்தைச் செலவழிப்பது என்னவோ சைலன்சரில்தான்.

முதலில் அடிப்படை விதி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள் வண்டியைத் தயாரித்த நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அந்தத் தீர்ப்பு வந்தபோது "இனி ஸ்டிக்கர் ஒட்டினாலும் ஃபைனா?" என்று ஊரெல்லாம் பதறினார்கள். அப்படி இல்லை. மாற்றம் என்றால் என்ன என்பதற்குப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது: வண்டியின் கட்டமைப்பை மாற்றி, அதனால் அதன் அடிப்படைத் தன்மையே மாறிப்போவது. கண்ணாடியை மாற்றுவது, பெட்டி மாட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில் வராது.

"சரி, சைலன்சர் பற்றி ஆர்.சி.யில் ஒரு வரிகூட இல்லையே, அப்போது மாற்றலாம்தானே?" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சைலன்சரைப் பிடிப்பது 52 மட்டுமல்ல. சத்தத்துக்கும் புகைக்கும் தனித்தனி விதிகள் இருக்கின்றன, உண்மையில் மாட்டுவது அவற்றில்தான்.

சைலன்சரைச் சுற்றியுள்ள விதிகள்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தை முடிந்த அளவு குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. 112ஆம் விதி புகை வெளியேறும் திசையைப் பற்றியது: கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ வரக் கூடாது, வலப்பக்கமாகவோ பின்பக்கமாகவோதான் போக வேண்டும். நம் ஊரில் இடப்பக்கம்தான் ஆள் நடக்கும் பக்கம் என்பதை நினைத்தால் காரணம் புரியும். ஆற்றைக் கடக்க வசதியாகக் குழாயை உயர்த்தி, இஷ்டப்பட்ட பக்கம் திருப்பி வெல்டிங் வைப்பவர்கள் இந்த விதி இருப்பதையே அறிவதில்லை.

எவ்வளவு சத்தம் வரலாம்? 2005 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அளவுகளின்படி, 80 சிசி வரை 75 டெசிபல், அதற்கு மேல் 175 சிசி வரை 77, அதற்கும் மேலே 80. வண்டியைத் தயாரிக்கும் நிறுவனம் விற்பனைக்கு முன்பே இதைச் சோதித்துச் சான்று வாங்குகிறது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னை ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற அமைப்புகள் இந்தச் சோதனையைச் செய்கின்றன. வண்டி முறுக்கிக்கொண்டு கடந்து போகும்போது, அதன் பாதையிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பார்கள். குழாய் வாயில் செல்போனை நீட்டி, ஒரு செயலியில் வரும் எண்ணைக் காட்டி "95தான் வருகிறது", "110 வருகிறது" என்று சண்டை போடுவதில் ஒரு பயனும் இல்லை. அது வேறு அளவு, இது வேறு அளவு.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 3 டெசிபல் ஏறினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 10 ஏறினால் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தமாகக் கேட்கும். சத்தத்தை அடக்கச் சைலன்சர் வாயில் செருகும் டிபி கில்லர் என்று ஒரு சின்னக் குழாய், ஒற்றைப் போல்ட்டில் நிற்கும். அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு "கொஞ்சம்தானே ஏறுது" என்பவர்களுக்காகச் சொல்கிறேன். கொஞ்சம் இல்லை.

அப்புறம் புகை. 2020 ஏப்ரல் 1 முதல் பதிவாகும் வண்டிகள் பி.எஸ். 6 என்ற புகை மாசுத் தரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தரத்தை எட்ட, புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சில வண்டிகளில் பெண்ட் பைப்பிலும் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுவரும் வளைந்த குழாய்), சிலவற்றில் சைலன்சருக்குள்ளேயும் இருக்கும். பின்பகுதியை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் போட்டாலும், கன்வெர்ட்டர் அந்தப் பகுதியில் இருந்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும். பெண்ட் பைப்போடு முழு செட்டையும் மாற்றினால் ஆக்சிஜன் சென்சாரின் கணக்கு தப்பி, மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பிக்கலாம். அதை அணைக்க மென்பொருளில் கைவைப்பார்கள். ஒரு மாற்றம் இப்படித்தான் மூன்றாகும்.

புகைப் பரிசோதனையில் பாஸ் ஆகிவிட்டால் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. அந்தச் சான்றிதழ் வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது வரும் புகையை மட்டும்தான் பார்க்கிறது. சத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. போலீஸ்காரரிடம் அதை நீட்டிப் பயனில்லை.

தண்டனை எவ்வளவு

2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தொகைகள் ஏறிவிட்டன. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவின் 4ஆம் உட்பிரிவுப்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000, அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சத்தம், காற்று மாசு தொடர்பான தரங்களை மீறிப் பொது இடத்தில் ஓட்டினால் 190ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு: முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது ₹10,000 வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமம் செல்லாது. சைலன்சர் வழியாக அல்லாமல் புகையை வெளியே விடும் கட்-அவுட் வைத்திருந்தால் 194எஃப் பிரிவில் முதல் முறை ₹1,000, அடுத்த முறைகளில் ₹2,000. இவை சட்டத்தில் உள்ள தொகைகள். பல குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே கட்டி முடிக்கும் சமரசத் தொகையை 200ஆம் பிரிவின்கீழ் மாநில அரசு நிர்ணயிக்கிறது, அதனால் மாநிலத்துக்கு மாநிலம் ரசீதில் வரும் எண் மாறும். என்னைக் கேட்டால் பணத்தைவிட அந்த மூன்று மாத உரிமம்தான் வலிக்கும்.

டூயல் ஸ்போர்ட் ஆட்கள் சொல்லும் இன்னொரு சமாதானம், "நான் காட்டுப் பாதையில்தான் ஓட்டுகிறேன், ரோட்டில் இல்லை." பொது இடம் என்றால் என்ன என்று சட்டத்தின் 2ஆம் பிரிவே வரையறுத்திருக்கிறது. பொதுமக்களுக்குப் போக உரிமை உள்ள எந்தச் சாலையும் தெருவும் வழியும் அதில் அடங்கும். தார் போட்டிருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கிராமத்து வண்டிப் பாதையும் பொது இடம்தான். வேலி போட்ட தனியார் பந்தயத் தளம் வேறு விஷயம். ஆனால் அங்கே போகும் வழியிலும் பொதுச் சாலை இருக்கிறதே, அதற்கு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

நண்பர் ஒருவர் வெளிநாட்டு ஸ்லிப்-ஆன் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அடியில் எறும்பு அளவு எழுத்தில் "பொதுச் சாலையில் பயன்படுத்துவதற்கு அல்ல" என்று இருந்தது. விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஐரோப்பிய 'இ' முத்திரை உள்ள சைலன்சர்களும் கிடைக்கின்றன, அவற்றின் சத்தம் அடக்கமாகவும் இருக்கும். ஆனால் அந்த முத்திரை ஐரோப்பாவில் சோதித்ததற்கு அடையாளம், இந்தியச் சான்றுக்கு அது ஈடாகாது. அதனால் குழாய் ஓட்டையாகிவிட்டது, கல்லில் பட்டு நசுங்கிவிட்டது என்றால் அதே மாடலுக்கான கம்பெனி சைலன்சரைப் போடுவதே சிக்கலில்லாத வழி. வெப்பத் தடுப்புத் தகடு, கல் படாமல் இருக்கக் கீழே ஒரு காப்புத் தகடு போன்றவற்றைப் போடலாம், புகை போகும் வழியை அவை தொடுவதில்லை.

டயருக்கு வருவோம்

இங்கேதான் உங்கள் பணத்துக்கு வேலை இருக்கிறது. 95ஆம் விதி டயரின் அளவையும் தாங்கும் திறனையும் பற்றியது. தயாரிப்பாளர் சொன்ன அளவு, அந்த எடைக்கும் வேகத்துக்கும் தகுந்த திறன், அதோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை. இருசக்கர, மூன்று சக்கர வண்டி டயர்களுக்கான தரம் ஐ.எஸ். 15627. 2009-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இந்த முத்திரை கட்டாயம், வெளிநாட்டிலிருந்து வரும் டயருக்கும்தான். இந்த வட்டத்துக்குள் எந்த நிறுவனத்தின் எந்த வடிவமைப்பையும் தேர்ந்தெடுக்கலாம். மண்ணைப் பிடிக்கக் கட்டை கட்டையாக ரப்பர் துருத்தி நிற்கும் பட்டன் டயரா, பாதி மண் பாதி தார் என்று வரும் டயரா, ஏறக்குறைய வழவழப்பான ரோடு டயரா என்பது உங்கள் விருப்பம்.

டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை. 90/90-21 54 எஸ் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 21 அங்குலம். 54 என்பது எடைக் குறியீடு, 212 கிலோ வரை தாங்கும். எஸ் என்பது வேகம், மணிக்கு 180 கிலோமீட்டர். பட்டன் டயர்களில் பி (P) என்று பார்த்தால் 150, எம் என்றால் 130. பின் டயரில் 62 என்று இருந்தால் 265 கிலோ. இரண்டு பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் டயர் வாங்கவே கூடாது. பழைய டயரில் இருந்ததைவிடக் குறைந்த குறியீட்டுக்கு இறங்க வேண்டாம். சில பந்தய டயர்களில் நெடுஞ்சாலைக்கு அல்ல என்று பொருள்படும் என்.எச்.எஸ். என்ற மூன்று எழுத்து இருக்கும். விலை குறைவாகக் கிடைத்தாலும் அதைச் சாலை வண்டியில் போடக் கூடாது.

தயாரான தேதியும் அங்கேயே இருக்கிறது, நான்கு இலக்கத்தில். 2324 என்றால் 2024-இன் 23ஆவது வாரம். கிடங்கில் கிடந்து காய்ந்த டயரைப் புதிது என்று தள்ளிவிடுவது நடக்காத காரியம் இல்லை.

அளவை மாற்றினால் என்ன ஆகும்? எக்ஸ்பல்ஸ் 200-இன் பின் டயர் 120/80-18. "முரட்டுத்தனமா இருக்கும்" என்று அதில் 140/80-18 போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 649 மில்லிமீட்டர். இரண்டாவதின் விட்டம் 681. ஐந்து சதவீதம் பெரிய சக்கரம். வண்டியின் பின்பக்கம் 16 மில்லிமீட்டர் தூக்கும், இழுவை குறையும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ செயினிலோ உரசுமா என்று பார்க்க வேண்டும். சக்கர வேகத்தை வைத்து வேலை செய்யும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் முன், பின் விகிதம் மாறுவதும் நல்லதில்லை. தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டிவிட்டதால் விதியின் பக்கமும் நீங்கள் இல்லை. சாலையில் யாரும் டேப் வைத்து அளக்க மாட்டார்கள், உண்மைதான். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போதுதான் அந்தப் பேச்சு எழும். சைலன்சருக்கும் இதே கதைதான். செய்த மாற்றத்தை நிறுவனத்துக்குத் தெரிவிக்கவில்லை என்றால், உங்கள் வண்டிச் சேதத்துக்கான இழப்பீட்டில் தகராறு வர வாய்ப்பு அதிகம்.

தேய்மானத்துக்கும் அளவு இருக்கிறது. 94ஆம் விதிப்படி இருசக்கர வண்டி டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கார்களுக்கு 1.6. உள்ளே உள்ள நூல் வெளியே தெரியும்படி கிழிந்திருந்தாலும் ஓட்டக் கூடாது. 0.8 என்பது சட்டம் பொறுத்துக்கொள்ளும் எல்லை, மழையில் நம்பி ஓட்டும் அளவு அல்ல. நான் 2 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுவேன். பட்டன் டயர் ஈரத் தார் ரோட்டில் இன்னும் மோசம். பட்டன்கள் மட்டுமே தரையைத் தொடுகின்றன, நடுவில் எல்லாம் வெற்றிடம். தினமும் ஆபீஸ் போய்வந்து, மாதம் ஒரு ஞாயிறு மட்டும் மண்ணில் இறங்குகிறவருக்கு முழுப் பட்டன் டயர் தேவையில்லை. முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் கடுமையான வடிவம், பின்னால் ரோடு பக்கம் சாய்ந்த வடிவம் என்று கலந்து போட்டுக்கொள்பவர்களும் உண்டு. விதி அதைத் தடுக்கவில்லை.

பழைய டூயல் ஸ்போர்ட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 182ஏ உரிமையாளரைப் பார்த்துப் பேசுகிறது, பெயர் மாற்றிய பிறகு அந்த உரிமையாளர் நீங்கள்தான். வேறு சைலன்சர் போட்டிருந்தால், ஒரிஜினல் எங்கே என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது விற்பவர் வீட்டுப் பரணில் துணி சுற்றிக் கிடக்கும். அதை மாட்டி, கன்வெர்ட்டர் அதனுள்ளேயோ பெண்ட் பைப்பிலோ அப்படியே இருக்கிறதா என்று மெக்கானிக்கை வைத்துப் பார்த்த பிறகு விலை பேசுங்கள். தொலைந்துவிட்டது என்றால் புதிய கம்பெனி சைலன்சரின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.