வாராவாரம் விமானத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு: பாயின்ட்டா, மலிவு டிக்கெட்டா?

கோவையில் டிக்கெட் அலுவலகம் நடத்துகிறேன். குடும்பத்தை இங்கே வைத்துவிட்டு மும்பையிலும் ஹைதராபாத்திலும் சென்னையிலும் வேலை பார்ப்பவர்கள் என் வாடிக்கையாளர்களில் கணிசம். திங்கட்கிழமை காலை முதல் விமானத்தில் போய் வெள்ளிக்கிழமை மாலை திரும்புவார்கள். கொரோனா காலத்தில் ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள், அலுவலகம் மறுபடி கூப்பிட்டபோது பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் பெற்றோரின் வயதையும் நினைத்து இப்படிப் பழகிக்கொண்டார்கள். இவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஒரே ஏர்லைன்ஸில் தொடர்ந்து போய், பின்னால் டிக்கெட் எடுக்க உதவும் பாயின்ட்டைச் சேர்ப்பதா, அன்றைக்கு எது மலிவோ அதில் ஏறிவிடுவதா?

சொந்தக் காசில் போகிறவர் பாயின்ட்டுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பேன். கூடுதலாகக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதிக்குக் கொடுங்கள். அதையும் எல்லாப் பயணத்துக்கும் கொடுக்கத் தேவையில்லை.

மும்பையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி போன வருடம் வந்தார். "இன்னும் ரெண்டு மூணு ட்ரிப் போனா கோல்டு வந்துருங்ணா, ரேட் பாக்காம அதுலயே போடுங்க" என்றார். அடிக்கடி பறப்பவர்களுக்கு ஏர்லைன்ஸ் தருகிற மேல்நிலை உறுப்பினர் அட்டைதான் கோல்டு. போடுவதற்கு முன்னால் அவருடைய மூன்று மாத பில்களை மேசையில் பரப்பி உட்கார்ந்து பார்த்தோம். டிக்கெட் விலை ஒரு பக்கம், தேதி மாற்றியதற்குக் கட்டிய தொகை ஒரு பக்கம், சீட், சாப்பாடு, கன்வீனியன்ஸ் ஃபீ இன்னொரு பக்கம் என்று பிரித்து எழுதியதும் அவரே சொன்னார்: "மாத்துனதுக்கே இவ்ளோ கட்டியிருக்கேனாங்ணா?" மாற்றியவை எல்லாமே வெள்ளிக்கிழமை டிக்கெட்டுகள். திங்கட்கிழமை டிக்கெட்டை அவர் ஒருமுறைகூடத் தொடவில்லை.

வாராவாரம் போய்வருகிற ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குக் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. போகிற பயணம் நம் கையில். திரும்புகிற பயணம் மேலாளர் கையில், மீட்டிங் கையில். ஆகவே போகிற டிக்கெட்டை, மாற்ற முடியாததாக இருந்தாலும், கிடைப்பதிலேயே மலிவாகப் போட்டுவிடலாம். திரும்புகிற டிக்கெட்டுக்கு மட்டும், மாற்றினால் அபராதம் இல்லாத அல்லது குறைவான ஃப்ளெக்ஸி கட்டணம் கொடுங்கள். ஃப்ளெக்ஸிக்கு 700 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் மாதம் நான்கு வெள்ளிக்கிழமைக்கு 2,800 ரூபாய் ஆகிறது. சாதாரண டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் ஒருமுறை மாற்றினாலே அபராதமாக 3,000 ரூபாய் வரை போய்விடும். அதற்கு மேல் அன்றைய விலை வித்தியாசமும் கட்ட வேண்டும். ஃப்ளெக்ஸியிலும் விலை வித்தியாசம் உண்டு என்பதை மறக்கக் கூடாது, மிச்சமாவது அபராதம்தான். எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் மாற்றலாம் என்பது ஒவ்வொரு கட்டண வகையிலும் வேறுபடும். வாங்கும்போதே அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

நம் உள்நாட்டுப் பயணங்களில் போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தாலும் பெரும்பாலும் விலை ஏறுவதில்லை. அதனால் திங்கட்கிழமை ஒரு ஏர்லைன்ஸ், வெள்ளிக்கிழமை இன்னொன்று என்று போவதில் நஷ்டம் இல்லை, லாபம்கூட உண்டு. இரண்டையும் ஒரே பி.என்.ஆரில் போட்டுவிட்டு, போகிற விமானத்தைத் தவறவிட்டால், வருகிற சீட்டும் சேர்ந்து ரத்தாகிவிடக்கூடும். தனித்தனியாக இருந்தால் அந்தத் தலைவலி இல்லை.

இனி பாயின்ட் கணக்கு. பிடித்த ஏர்லைன்ஸில் 5,800 ரூபாய், மற்றதில் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் எட்டு ஒருவழிப் பயணத்துக்கு வித்தியாசம் 6,400 ரூபாய், வருடத்துக்கு 76,800 ரூபாய். பாயின்ட் பொதுவாக அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் வைத்துத்தான் தருவார்கள். வரிக்கும் விமான நிலையக் கட்டணத்துக்கும் தருவதில்லை. 100 ரூபாய்க்கு 5 ரூபாய் மதிப்பு திரும்பக் கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் இந்த டிக்கெட்டில் 290 ரூபாய் தாண்டாது. பாயின்ட்டைக் கொடுத்து டிக்கெட் எடுக்கும்போதும் வரியைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். முன்பு மலிவு ஏர்லைன்ஸில் போனால் பாயின்ட்டே இல்லை என்ற நிலை இருந்தது. 2024-இல் இண்டிகோ 'புளூசிப்' தொடங்கிய பிறகு அதுவும் போயிற்று. இண்டிகோவின் புளூசிப், ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் இரண்டிலும் இலவசமாகச் சேர்ந்துவிடுங்கள். எதில் ஏறினாலும் உறுப்பினர் எண்ணைப் போடுங்கள். வந்தால் வரட்டும், அதற்காக வழியை மாற்ற வேண்டாம்.

சேர்த்த பாயின்ட் நம் சேமிப்பு என்று நினைப்பவர்களுக்குப் பழைய கதைகளைச் சொல்வது என் கடமை. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. அதோடு அவர்களின் பாயின்ட்டான 'கிங் கிளப்' மைல்களும் போயின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி பறப்பதை நிறுத்தியது. ஜெட் பிரிவிலேஜ் மைல்கள் அந்த வருடமே 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாறித் தப்பின. ஆனால் எதற்காகச் சேர்த்தார்களோ அந்த ஜெட் விமானம்தான் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தது. உறுப்பினர்கள் மகாராஜா கிளப்புக்கு மாற்றப்பட்டார்கள், விதிகளும் அங்கே உள்ளவையாக மாறின. ஏர்லைன்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட, ஒரு சீட்டுக்கு எத்தனை பாயின்ட் என்பதை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். கைக்கு வந்ததைச் சீக்கிரம் செலவழிப்பதுதான் நல்லது.

முன்கூட்டியே மொத்தமாக டிக்கெட் வாங்கிக் குவிப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது, பல மாதங்களுக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தவர்களின் பணம் திவால் வழக்கில் மாட்டிக்கொண்டது. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மட்டும் போடுங்கள். யு.பி.ஐ.யைவிட கிரெடிட் கார்டில் கட்டுவது பாதுகாப்பு, சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது.

அப்படியானால் கோல்டு, பிளாட்டினத்துக்கெல்லாம் மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. லேப்டாப் பையோடு வெப் செக்-இன் செய்து, முகத்தைக் காட்டி நுழையும் டிஜியாத்ராவில் உள்ளே போகிறவருக்கு முன்னுரிமை செக்-இன் வரிசை எதற்கு? லவுஞ்ச் வசதி பல வங்கிக் கார்டுகளிலேயே வருகிறது. மேல்நிலை அட்டைக்கு உண்மையான மதிப்பு விமானம் ரத்தாகும் நாளில்தான். மாற்று சீட்டு ஒதுக்கும்போதும் கஸ்டமர் கேர் அழைப்பிலும் முன்னால் நிற்பது பெரிய உதவி. தொடர்ந்து போவதில் அது தானாகக் கிடைத்தால் நல்லது. ஆனால் எல்லாப் பயணத்தையும் ஒரே ஏர்லைன்ஸில் போடுவதால் வருகிற ஆபத்தை எந்த அட்டையும் தடுக்காது. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகளின் பணி நேர விதிகள் மாறியதையொட்டி இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதைப் பார்த்தோம். நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேல் அதில்தான் போகிறார்கள். மற்ற ஏர்லைன்ஸில் விலை ஏறிய ஏற்றத்துக்கு அரசே உச்சவரம்பு வைத்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000 ரூபாய். அந்த வாரம் என் அலுவலகத்தில் போன் ஓயவில்லை. சென்னை ஆட்கள் ரயிலைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். மும்பை ஆட்கள்தான் தவித்தார்கள்.

சென்னைக்குப் போகிறவர்களிடம் நான் ரயிலையும் கணக்கில் சேர்க்கச் சொல்வேன். 2023 ஏப்ரலிலிருந்து ஓடும் வந்தே பாரத் கோவையிலிருந்து ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் சென்ட்ரலில் விடுகிறது. விமானம் ஒரு மணி நேரம்தான் பறக்கிறது. ஆனால் வீட்டிலிருந்து பீளமேடு விமான நிலையம், அங்கே காத்திருப்பு, மீனம்பாக்கத்திலிருந்து அலுவலகம் என்று கூட்டினால் நான்கு மணி நேரம் ஆகிவிடும். மிச்சமாகும் நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அவரவர் முடிவு செய்யலாம்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்தாறு ஊருக்குப் பறக்கிறது. காலையில் எங்கோ ஏற்பட்ட அரை மணித் தாமதம் இரவுக்குள் இரண்டு மணியாகி வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை இரவின் கடைசி விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதற்கு முந்தையதைப் போடுங்கள். கடைசி விமானம் ரத்தானால் அன்றிரவு வீடு சேர வழியில்லை. கிளம்புவதற்கு முன், உங்கள் விமானம் எந்த ஊரிலிருந்து வர வேண்டும், கிளம்பிவிட்டதா என்று, விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஃப்ளைட்ரேடார்24-இல் பாருங்கள். நாங்கள் அலுவலகத்தில் அதைத்தான் பார்க்கிறோம்.

டிக்கெட் காசை நிறுவனம் கொடுத்து, பாயின்ட் உங்களுக்கு வருகிறது என்றால் கணக்கு வேறு. அங்கே 1,500 ரூபாய் கூடுதலான டிக்கெட்டை எடுக்க ஆசை வரும். அந்த ஆசை கணக்குப் பிரிவின் கண்ணில் படாமல் போகாது. பயண விதியில் எவ்வளவு வித்தியாசம் வரை அனுமதி என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிறு நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு ஜி.எஸ்.டி. எண்ணை வைத்து எடுக்கும் எஸ்.எம்.இ. கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. சாப்பாடு, குறைந்த மாற்றுக் கட்டணம் எல்லாம் அதிலேயே அடங்கும். பலருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் அடுத்தவர் ஜி.எஸ்.டி. எண்ணில் டிக்கெட் எடுக்காதீர்கள். ஏர்போர்ட்டில் நிறுவன அடையாள அட்டை கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

போகாமல் விட்ட டிக்கெட்டுகளிலும் உங்கள் பணம் கிடக்கிறது. விமானத்தைத் தவறவிட்டாலும், 'ரீஃபண்ட் கிடையாது' என்று எழுதிய சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், அரசு வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. விமானம் கிளம்ப 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது சொல்லி ஏர்லைன்ஸ் அதை ரத்து செய்தால், காரணம் அவர்கள் கட்டுப்பாட்டை மீறியதாக இல்லாதபட்சத்தில், இழப்பீடும் உண்டு. ஒன்று முதல் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அது 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. முதலில் ஏர்லைன்ஸுக்கு பி.என்.ஆரோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் அதே மின்னஞ்சலை இணைத்துப் புகார் பதியுங்கள்.