கம்மர்ஷவுஷ்பீலரின்: அறை நடிகை அல்ல

ஆஸ்திரிய மேடை நடிகைகளைப் பற்றிய குறிப்புகளில் பெயருக்கு முன்னால் ‘கம்மர்ஷவுஷ்பீலரின்’ என்றொரு ஜெர்மன் சொல் வரும். நடிப்பில் உயர்ந்து விளங்குவோருக்கு அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் அளிக்கும் பட்டம் அது. ஆணுக்கு ‘கம்மர்ஷவுஷ்பீலர்’, கடைசியில் ஒட்டும் ‘இன்’ பெண்பால் விகுதி.

‘ஷவு’ காட்சி, ‘ஷ்பீல்’ ஆட்டம். இரண்டும் சேர்ந்தால் நாடகம். சிக்கல் ‘கம்மர்’ என்பதில்தான். அகராதிப்படி அதற்கு அறை என்று பொருள். லத்தீன் ‘கேமரா’தான் மூலம், படம்பிடிக்கும் கேமராவுக்கும் அதுவே தாய். ஆனால் இங்கே அது அரண்மனையின் உள்ளறை. மன்னர் அறையில் பாடியவரைக் ‘கம்மர்ஸெங்கர்’ என்றார்கள். அந்த வழியில் நடிகருக்கும் பட்டம் வந்தது. ஆகவே ‘அறை நடிகை’ என்று பெயர்ப்பது பிழை. ‘சிற்றரங்க நடிகை’ என்பதும் தவறு. சிறிய அரங்குக்கும் இந்தப் பட்டத்துக்கும் தொடர்பில்லை.

இதற்கு முன்பு புழங்கிய பட்டம் ‘ஹோஃப்ஷவுஷ்பீலரின்’, அதாவது அரசவை நடிகை. 1741-இல் வியன்னா அரண்மனையை ஒட்டித் தோன்றிய புர்க் அரங்கு, முடியாட்சி முடியும் வரை அரசவையின் பொறுப்பில் இருந்தது. 1903-இல் அங்கே சேர்ந்த ரோசா அல்பாக்-ரெட்டி 1905-இல் அரசவை நடிகையானார். 1958 வரை அந்த அரங்கிலேயே நடித்து, 1980-இல் 105 வயதில் மறைந்தார். திரை நடிகை ரோமி ஷ்னைடர் இவருடைய பேத்தி. பாட்டி பட்டம் பெற்றது பேரரசர் பிரான்ஸ் யோசப்பின் ஆட்சியில்; 1955-இல் பேத்தி திரையில் ஏற்றதோ அதே பேரரசரின் மனைவி எலிசபெத்தின் வேடம். அந்தப் பேத்தி 43 வயதில், பாட்டி போன இரண்டே ஆண்டில் இறந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

1918-இல் பேரரசு வீழ்ந்தது. மறு ஆண்டே பிரபுப் பட்டங்களைச் சட்டம் ஒழித்தது. ‘ஹோஃப்’ போயிற்று. அரண்மனை வாசம் வீசும் ‘கம்மர்’ மட்டும் குடியரசிலும் நிலைத்துவிட்டது.

இப்பட்டம் பெற்றவர்களில் எனக்குப் பெருமதிப்புள்ளவர் எலிசபெத் ஓர்ட். தாய் பவுலா வெசெலி, 1935 வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றவர். 1941-இல் நாஜிப் பரப்புரைப் படமொன்றில் நடித்து அழியாத பழியும் தேடிக்கொண்டவர். மகளோ பெற்றோரின் புகழ்ப்பெயரை விட்டு, தாய்வழிப் பாட்டியின் பெயரைச் சூடி மேடையேறினார். யூத வெறுப்பை எதிர்க்கும் அமைப்புக்குத் தலைமையும் ஏற்றார்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘கலைமாமணி’ தமிழக அரசு விருதின் பெயர், குழப்பும். சிலப்பதிகாரத்தில் ஆடல் மகள் மாதவி சோழ மன்னனிடம் பெற்ற பட்டம் ‘தலைக்கோல்’. சோழர் கல்வெட்டுகளில் ஆடல் மகளிரின் பெயரோடு ‘தலைக்கோலி’ என்று சேர்ந்தே வருகிறது. மாதவிக்கு அரங்கேற்றத்திலேயே கிடைத்தது, ஆஸ்திரிய நடிகைக்குப் பல்லாண்டு உழைப்புக்குப் பின் கிடைக்கிறது என்ற வேறுபாடு உண்டு. ஆனாலும் ஆள்வோர் கலைஞருக்கு அளித்து, பெயரோடு ஒட்டி நிற்கும் பட்டம் என்பதில் இரண்டும் ஒன்றே. ‘ஹோஃப்ஷவுஷ்பீலரின்’ வரும் இடத்தில் ‘அரசவை நடிகை’ என்றும், ‘கம்மர்ஷவுஷ்பீலரின்’ வரும் இடத்தில் ‘தலைக்கோல் நடிகை’ என்றும் எழுதலாம்: தலைக்கோல் நடிகை எலிசபெத் ஓர்ட்.