டம்ளருக்கு வெளியே தண்ணீர் எப்படி வந்தது?

எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, நாலு சொட்டு நீல மை விட்டு, ஐஸ்கட்டி போட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நடுவில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் (கடலோர ஊர் என்றால் இன்னும் சீக்கிரம்) டம்ளரின் வெளிப்பக்கம் மங்கி, முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து வழியும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "டம்ளர் ஒழுகுது", "டம்ளருக்கு வேர்க்குது" என்பார்கள். சரி, அதை விரலால் தொட்டு வெள்ளைத்தாளில் தேய்க்கச் சொல்லுங்கள். நீலமே இல்லை! உள்ளேயிருந்து ஒழுகியிருந்தால் நீலமாகத்தானே இருக்கணும்? அப்படியானால் காற்றிலிருந்துதான் வந்திருக்கிறது என்று அவர்களே சொல்லும்வரை காத்திருந்து, அப்புறம் பலகையில் 'நீராவி', 'ஆவி சுருங்குதல்' (நீராவி குளிர்ந்து தண்ணீராவது) என்று எழுதுங்கள்.

இந்த வரிசைதான் முக்கியம். பெரும்பாலும் நாம் தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் சொல், அடுத்து வரையறை, பிறகு மனப்பாடம். பிள்ளைக்கு ஒலி மட்டும் மிஞ்சுகிறது.

1978இல் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒரு நீலத்தட்டையும் ஆலிவ் பச்சைத் தட்டையும் காட்டி, அந்தப் பச்சைக்குக் குழந்தைகள் கேட்டிராத 'குரோமியம்' என்ற சொல்லைப் பெயராக வைத்து, "குரோமியம் தட்டை எடுத்து வா, நீலத்தை இல்லை, குரோமியத்தை" என்று கேட்டார்கள். குழந்தைகள் சரியான தட்டை எடுத்து வந்தார்கள். அந்த ஒரே தடவையில் பலருக்கும் 'குரோமியம்' ஒரு நிறத்தின் பெயர் என்ற அளவுக்குப் பிடிபட்டது, ஆனால் எந்த நிறம் என்பது தெளிய வெகுநாள் பிடித்தது. எந்தச் சொல்லும் இப்படித்தான் சட்டென்று உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், பொருள் நிரம்புவதற்குத்தான் அது திரும்பத் திரும்ப, வெவ்வேறு இடங்களில் எதிர்ப்பட வேண்டும். அறிவியல் வகுப்பில் அதற்குப் பஞ்சமே இல்லை, ஏனென்றால் ஒரே சொல் கையில் பட்டு, கண்ணில் பட்டு, 'இல்லடா, அப்படி இல்ல' என்ற சண்டையிலும் அடிபடுகிறது.

பழகிய சொற்களில்தான் சிக்கல் அதிகம். இட்லிப்பானையைத் திறந்ததும் வெள்ளையாக எழுவதை வீட்டில் ஆவி என்கிறோம். பாடத்தில் வரும் நீராவியோ கண்ணுக்கே தெரியாத வாயு. அந்த வெள்ளை, நீராவி குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகள். போதாததற்கு, ஆவி என்றால் பேய் என்றும் பிள்ளைகளுக்குத் தெரியும். மூன்று அர்த்தங்களையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பிரித்துக் காட்டாவிட்டால், தேர்வில் சரியாக எழுதுகிற பிள்ளைகூட மனசுக்குள் இட்லிப்பானையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

"வேர்க்குது" என்ற பிள்ளையைத் திருத்த அவசரப்படாதீர்கள். அந்தச் சொல்லையும் பலகையில் எழுதி, பக்கத்தில் 'ஆவி சுருங்குதல்' என்று எழுதி, வியர்வைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மறுநாள் புல்லில் பனித்துளி, மழைநாளில் பஸ் ஜன்னல் கண்ணாடி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் என்று ஒவ்வொன்றாக அவர்களே கொண்டுவருவார்கள்.