வங்கி 90 சதவீதம் தரும் என்று நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்

வீடு வாங்கப் பத்து சதவீதம் நாம் போட்டால் போதும், மீதியை வங்கி கடனாகத் தரும் என்று நம்பி முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறையப் பேர். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இது உச்சவரம்புதான். அவ்வளவையும் தந்தே ஆகவேண்டிய கட்டாயம் எந்த வங்கிக்கும் இல்லை.

நீங்கள் பேசிய விலை, வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் தொகை, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் சதவீதக் கணக்கு. பழைய வீடு வாங்குகிறவர்கள் அடிபடுவது இங்கேதான். பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் காட்டி விற்பவர் விலை சொல்வார். மதிப்பீட்டாளரோ கட்டடத்தின் வயதைக் கழித்துவிட்டுத்தான் தொகை எழுதுவார்.

அடுத்தது பத்திரச் செலவு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டால் இதை மதிப்பில் சேர்த்துக் கடன் தர விதியில் இடமில்லை. முழுக்க உங்கள் கைக்காசு.

30 லட்சத்துக்குப் பேசிய வீட்டை 26 லட்சம் என்று மதிப்பிட்டால், 90 சதவீதக் கடன் 23.40 லட்சம். விலையில் குறைவது 6.60, பத்திரத்துக்கு 2.70, ஆக 9.30 லட்சம் நீங்கள் புரட்ட வேண்டும். 80 சதவீதம்தான் தருவோம் என்றால் 11.90 லட்சம். மூன்று லட்சத்தோடு கிளம்பியவர் என்ன செய்வார்?

"பத்திரத்தில் கைடுலைன் மதிப்பைப் (பதிவுக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு) போட்டுக்கலாம், மீதியைக் கையில கொடுங்க" என்று விற்பவர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்திரத் தொகை குறைந்தால் கடனும் குறையும். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. ரொக்கமாகக் கொடுத்ததை உங்கள் பங்காக வங்கியில் நிரூபிக்கவும் முடியாது. முன்பணத்தைக் கணக்கிலிருந்து கணக்குக்கே அனுப்புங்கள். உங்கள் பங்கைக் கட்டிய ஆதாரம் பார்த்த பிறகுதான் வங்கி தன் பணத்தை விடுவிக்கும்.

குறைகிற பணத்துக்குத் தனிநபர் கடனோ நகைக்கடனோ வாங்கினால் அது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவான சிபிலில் தெரியும். அந்தத் தவணையைக் கழித்துத்தான் வீட்டுக் கடன் தகுதியைப் பார்ப்பார்கள். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் வட்டி மானியத்தையும் கைக்காசாக எண்ண வேண்டாம். கடன் வாங்கிய பிறகு, தவணை தவணையாகக் கடன் கணக்குக்குத்தான் அது வரும்.

கடன் அடைந்து வீட்டில் உங்கள் பங்கு வளர்வதும் மெதுவாகத்தான். 20 லட்சம், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 18,000. முதல் மாதம் அதில் 15,000 வட்டிக்கே போய்விடும்.

பங்காளிகள் பலர் உள்ள வீடானால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மலேசியாவில் இருக்கும் ஒருவரின் பவர் பத்திரம் வராவிட்டாலும் கடன் நின்றுபோகும். வில்லங்கச் சான்றைப் பெரும்பாலும் 30 ஆண்டுக்குக் கேட்பார்கள். 13 ஆண்டுக்கு எடுத்துப்போய் மறுபடி அலையாதீர்கள். மூலப்பத்திரங்களை வங்கி வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே முன்பணம் கொடுங்கள். கடன் இவ்வளவுக்குக் கீழே போனால் முன்பணம் முழுதும் இத்தனை நாளில் திரும்ப வரவேண்டும் என்று தொகையும் நாளும் குறிப்பிட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.