கச்சான் காற்றே துருத்தி

முன்னோரின் தொழில்நுட்பம் என்று பேச்சு வந்தாலே நாம் இராவணனின் புட்பக விமானத்துக்குப் போய்விடுகிறோம். விமானம் பறந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகப் பலாங்கொடைப் பக்கம் போனால், சமனலவெவ மலைச்சரிவுகளில் வேறொரு தொழிலின் தடயம் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. இரும்பை உருக்கும்போது பிரியும் கழிவான கிட்டம், உடைந்த களிமண் குழாய்கள், தீயில் வெந்து இறுகிய உலைச்சுவர்த் துண்டுகள். எந்த விமானக் கதையையும்விட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அங்கே நீர்மின் அணை கட்டும் வேலை நடந்தபோது, ஜில் ஜூலெஃப் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர் அந்தச் சரிவுகளில் ஆய்வு செய்தார். இரும்பு உருக்கிய பழைய உலைகள் இருந்த இடங்கள் எழுபதுக்கும் மேல் அகப்பட்டன. கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகளில் பெருந்தொழிலாக நடந்தவை அவை. எல்லாமே மேற்கு நோக்கிய சரிவுகளின் விளிம்பில், மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்றான கச்சான் வந்து முகத்தில் அறையும் இடமாகப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தன.

இரும்புத் தாதுவில் இரும்பு ஒட்சிசனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரி எரியும்போது உண்டாகும் காபனோரொட்சைட்டு அந்த ஒட்சிசனைப் பிடுங்கிக்கொள்ளும். கிட்டம் உருகி வழிந்தோட 1,200 பாகை செல்சியஸ் அளவில் வெப்பம் வேண்டும். சும்மா மூட்டிய நெருப்புக்கு அது வராது. உள்ளே காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒன்றில் துருத்தி, இல்லாவிட்டால் உயரமான புகைபோக்கி போன்ற உலை என்பதுதான் பொதுவாக அறியப்பட்ட வழி. சமனலவெவ உலைகள் இரண்டிலும் சேராதவை. அகலம் ஏறக்குறைய இரண்டு மீற்றர், உயரமோ இடுப்பளவுகூட இல்லை. பின்சுவர் நிரந்தரம். முன்சுவரை மட்டும் ஒவ்வொரு தடவையும் களிமண்ணால் புதிதாக எழுப்பி, அடியில் வரிசையாகக் குழாய்களைப் பதித்தார்கள். வேலை முடிந்ததும் அந்தச் சுவரை உடைத்து இரும்பை வெளியே எடுத்தார்கள்.

சரி, குழாய் வழியாகக் காற்று நேரே உள்ளே அடிக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். அது பாதிதான். காற்று முன்சுவரில் மோதி மேலே எழும்பி, சுவரின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் பிரிந்து போகிறது. அதனால் உலையின் திறந்த வாயில், முன்சுவரை ஒட்டினாற்போல, அமுக்கம் குறைகிறது. கீழே குழாய் வாயில் அமுக்கம் கூட, மேலே குறைவு. இந்த வித்தியாசம்தான் காற்றைக் கரிக்குள் விடாமல் இழுக்கிறது. வெள்ளவத்தையில் கடலோரமாக இருப்பவர்கள் ஜூன் மாதக் காற்றில் தகரக் கூரை பிய்வதைப் பார்த்திருப்பார்கள். அங்கேயும் மேலே ஓடும் காற்று கூரைக்கு மேல் அமுக்கத்தைக் குறைத்துத் தகரத்தை உறிஞ்சி எடுக்கிறது.

இந்த அமுக்கம் எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டால்தான் வியப்பு வருகிறது. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சுவரில் தரக்கூடியது ஏறத்தாழ 60 பாஸ்கல். 6 மில்லிமீற்றர் உயர நீரின் அமுக்கம் அது. வளிமண்டல அமுக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்றைய ஊதுலையோ 1,000 பாகைக்கு மேல் சூடாக்கிய காற்றைப் பெரிய இயந்திரங்களால் வளிமண்டலத்தைப் போல் சில மடங்கு அமுக்கத்தில் திணிக்கிறது. உற்பத்தியில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. ஆனால் கைக்கெட்டிய 60 பாஸ்கலை வைத்து வேலையை முடிக்க, எந்தச் சரிவில், எந்தத் திசையில், எவ்வளவு உயரச் சுவர் என்பது பிசகாமல் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கொல்லர்களிடம் சமன்பாடு இருந்ததாகச் சொல்ல எதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கட்டி, உடைத்து, மறுபடி கட்டிச் சேர்த்த அறிவு என்றுதான் நான் நினைக்கிறேன். அதனால் அதன் மதிப்பு ஒரு துளியும் குறையாது.

காற்றே உலையை இயக்கியது என்பது வெறும் ஊகம் அல்ல. ஜூலெஃப் குழுவினர் அதே மாதிரி உலைகளைக் கட்டி, பருவக்காற்றில் எரித்துப் பார்த்தார்கள். காபன் கூடிய உருக்கு கிடைத்தது. அந்த முடிவு 1996இல் நேச்சர் ஆய்விதழில் வந்தது. அப்புறம் கணினியிலும் இந்தக் காற்றோட்டத்தைக் கணித்துப் பார்த்தார்கள். 9ஆம் நூற்றாண்டின் அரபு அறிஞர் அல் கிந்தி வாள்களைப் பற்றி எழுதும்போது சரந்தீபு உருக்கைக் குறிப்பிடுகிறார். சரந்தீபு நம் இலங்கைதான்.

அணை 1992இல் இயங்கத் தொடங்கியது; 120 மெகாவாற் மின்சாரம் தரக்கூடியது. பள்ளத்தாக்கின் ஒரு பகுதி நீருக்கடியில் போய்விட்டது. ஆனால் உலையின் வேலையைப் பார்க்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கொழும்புப் பாடசாலைகளில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் ஒரு களிமண் தொட்டி, நாலைந்து குழாய், ஒரு மேசை மின்விசிறி வைத்தே செய்யலாம். குழாய் வாயில் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை உள்ளே போவது தெரியும். பிறகு முன்சுவரின் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும், விசிறியைச் சற்றே பக்கவாட்டில் திருப்பியும் புகை போகும் வேகத்தைக் குறித்துக்கொள்ளட்டும்.